திண்டில் வைத்த டம்ளர்

டொக்.

அந்தச் சத்தம்தான் முதலில். கண்ணைத் திறந்து பார்ப்பதெல்லாம் அப்புறம். காலை ஏழு இருபதுக்கு மில்லில் இருந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்தால் எனக்குக் கண் திறக்காது, தவசி. இமையெல்லாம் பஞ்சு அப்பியிருக்கும். காதுக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், அதை உமக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது, உள்ளேயிருந்து எவர்சில்வர் டம்ளர் ஜன்னலின் சிமெண்டுத் திண்டில் வந்து உட்காரும். டொக். அவ்வளவுதான். எனக்குப் புரிந்துவிடும். மாசத்தில் மூன்று நாள்தான் அந்தச் சத்தம். மற்ற நாளில் என் மகள் வல்லி காப்பியைக் கையில் கொடுப்பாள்.

இரும், உமக்கு இன்றைக்கு வார லீவுதானே, பேப்பரை இப்போதே எடுக்க வேண்டாம். கையெழுத்து எங்கே ஓடிவிடப் போகிறது. பேனா என் பையிலேயே இருக்கிறது. மாஸ்டர் என்ன சொன்னார்? ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டால் தனக்கு ஆட்சேபனை இல்லை என்றுதானே? நீர் என் ராத்திரிக்குப் போகிறீர், நான் உம்ம பகலுக்கு வருகிறேன். இரண்டு கையெழுத்து. முடிந்தது. அதற்கு முன்னால் காப்பியைக் குடியும். சீனி போட்டதுதான், உமக்காகப் போட்டேன். இந்த வீட்டில் இப்போது சீனி டப்பா மேல் அலமாரிக்குப் போய்விட்டது.

உம்ம பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றி ஒன்பது நாளாகிறதா. நல்லது. வயசுக்கு வந்த பிள்ளையோடு ஒரே அறையில் படுக்கக் கூசுகிறது என்று நேற்று கேன்டீனில் சொன்னீரே, அந்தக் கூச்சம் எனக்குத் தெரியும். உமக்காவது சம்சாரம் இருக்கிறாள். எனக்கு அதுவும் இல்லை. சரசு மஞ்சள் காமாலையில் போனபோது வல்லிக்கு ஒன்பது வயது. பதின்மூன்றில் பெரிய மனுஷியானாள். இதே அறைதான். பத்துக்குப் பன்னிரண்டு, ஒரு கட்டில், ஒரு ஜன்னல். நான் என்ன செய்வேன்?

ஒரு வாரம் யோசித்தேன். பிறகு மனு எழுதினேன். நான் ஆறாவதோடு நின்றவன். ஆனால் நூலகத்துப் புத்தகங்களைப் படித்துப் படித்தே எழுதக் கற்றுக்கொண்டவன், இந்த லைன் வீடுகளில் மனு எழுத என்னைவிட ஆள் கிடையாது. ‘நிரந்தர இரவுப் பணி வேண்டி’ என்று தலைப்புப் போட்டேன். நிரந்தர என்ற அந்தச் சொல் நானே தேடிப் போட்டது. வெறுமனே இரவுப் பணி என்றால் ஆறு மாசத்தில் மாற்றிவிடுவான்களே என்று பயம். ஒரே நாளில் சரி என்றார்கள். ராத்திரி ஷிப்ட்டுக்கு ஆள் கிடைக்காமல் அலைகிறவர்கள், தானாக வந்து ஒருவன் கழுத்தை நீட்டினால் விடுவார்களா? அன்றையிலிருந்து எனக்கு மில்லில் ஆந்தை அண்ணாச்சி என்று பேர். சொல்லட்டும். சாயங்காலம் ஏழுக்குள் நான் உள்ளே, காலை ஏழு வரைக்கும். நான் எழுந்த கட்டிலில் அவள் படுப்பாள். அவள் எழுந்த கட்டிலில் நான் படுப்பேன். எட்டு வருஷம். ஒரு நாள்கூட இரண்டு பேர் ஒரு நேரத்தில் இந்தக் கூரைக்குக் கீழே தூங்கியதில்லை. எந்த அப்பன் செய்வான், சொல்லும்?

நான் பெருமைக்குச் சொல்லவில்லை.

டம்ளர் விஷயம் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா மதினி ஏற்பாடு. தாயில்லாப் பிள்ளை, யார் சொல்லிக்கொடுப்பார்கள்? மதினிதான் துணி மடிக்கிறதில் இருந்து எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த மூன்று நாள் அப்பாவின் கையில் எதையும் கொடுக்காதே, அவரிடம் வாயால் சொல்லவும் கூடாது, டம்ளரைத் திண்டில் வைத்துவிடு, அவருக்குத் தெரியும் என்று. எனக்குத் தெரிந்தது. சரசுவும் அப்படித்தான் வைப்பாள். எட்டு வருஷத்தில் அதைப்பற்றி ஒரு வார்த்தை நான் அவளிடம் கேட்டதில்லை, தவசி. ஒரு வார்த்தை. பொம்பிளைப் பிள்ளையை வளர்க்கிறது என்றால் அதுதான். பார்த்தும் பார்க்காமல் இருக்க வேண்டும்.

ஆனால் தேதி எனக்குத் தெரியும். நான் ஃபிட்டர். எந்த மெஷினுக்கு எந்த மாசம் எந்தத் தேதியில் ரிங் மாற்றினோம் என்று புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லுவேன். அது தானாக மண்டைக்குள் பதிகிற சமாச்சாரம்.

போன வருஷம் ஆடியில் டம்ளர் சத்தம் கேட்கவில்லை. தேதி தள்ளிப்போகிறது, சரி என்று இருந்தேன். ஆவணியிலும் கேட்கவில்லை. காப்பி நேராகக் கைக்கே வருகிறது, முப்பது நாளும். எனக்குக் காப்பி இறங்கவில்லை. நான் அவளைச் சந்தேகப்படவில்லை. அதை நன்றாகக் கேட்டுக்கொள்ளும், நான் சந்தேகப்படவே இல்லை. குழாயடியில் மதினியைப் பார்த்து, பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க என்று மட்டும் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. மதினிக்கு அது போதும். அன்றைக்குச் சாயங்காலம் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் உள்ளே இருந்தார்கள். நான் இதோ இந்தப் படியில்தான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஏதோ சத்தம் கேட்டது. பாத்திரம் விழுந்திருக்கும். அப்புறம் மதினி வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்கள். “ஒண்ணுமில்ல அண்ணே. பையைக்கூட கொட்டிப் பாத்துட்டேன். எந்தப் பயலும் இல்ல. உங்க சரசு மேல சத்தியம் வாங்கிட்டேன்.”

நான் அதைக் கேட்கவே இல்லையே மதினி என்றேன். ஆனால் நெஞ்சு லேசானது, பொய் சொல்ல மாட்டேன்.

பாரும், பன்னிரண்டே நாள். புரட்டாசி பிறக்கும்போது, செப்டம்பர் பதினேழு, டொக். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்குத் தூங்காமல் கடைத்தெருவுக்குப் போய் அரைக் கிலோ கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு வந்து அடுப்பு மேடையில் வைத்தேன். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாசம் தவறியதில்லை. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது மூன்று நாளும் திண்டு. இருபதாம் தேதி தலைக்கு ஊற்றிக்கொண்டு முடியை விரித்துப்போட்டுக் கையில் காப்பி. அக்டோபர் பதினேழு. நவம்பர் பதினேழு. டிசம்பர் பதினேழு. மெஷின்கூட அப்படி ஓடாது. நான் மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். பாரேன், மதினி ஒரு தடவை பேசியதும் உடம்பு ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று.

சிரிக்கிறீர். சிரியும். எனக்கும் இப்போது சிரிப்பு வருகிறது, சில நேரம்.

அந்த மாசங்களில் வேறு சிலதும் நடந்தது. வல்லி உடம்பு வைத்தாள். நான் சோறு நன்றாகப் பிடிக்கிறது என்று நினைத்தேன், ஒல்லியாகவே வளர்ந்த பிள்ளை. முகத்தில் பரு வந்தது. அது வயசுக்கோளாறு. தலைமுடி சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது. அது இந்தத் தண்ணீர். பிறகு ரேசர். என் சேவிங் ரேசர், சரியா, வாரத்துக்கு ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமைதான் நான் தொடுவேன். அது புதன்கிழமை ஈரமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஈரமாக இருக்கிறது. பிளேடு பத்து நாளில் மழுங்குகிறது. நான் என்ன நினைத்தேன்? பின்பக்கம் குளிக்கிற இடம் நாலு வீட்டுக்கும் பொது. எவனோ எடுத்துச் சிரைக்கிறான், சீக்கு வந்துவிடும் என்று ரேசரை எடுத்துப் பரண் மேலே டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். அவளுக்குக் கேட்கிற மாதிரி இரண்டு வசவும் வைதேன், இன்னொருத்தன் மூஞ்சியில் வைக்கிற கத்தியை எடுக்கிறானே, அவனெல்லாம் ஒரு ஆம்பிளையா என்று.

மறுநாளில் இருந்து அவள் துப்பட்டாவைத் தாடையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு காலேஜுக்குப் போக ஆரம்பித்தாள். பஸ்ஸில் தூசி என்றாள். ஆமாம், தூசிதான் என்றேன்.

அவளே ஒரு நாள் கேட்டாள், ஒரு டாக்டரைப் பார்க்கலாமா அப்பா, முகத்துக்கு, என்று. கூட்டிப்போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கிளினிக். பேர் எதற்கு. அந்த டாக்டர் நல்ல மனுஷன்தான். முகத்தைப் பார்த்தார், எடையைப் பார்த்தார், பிறகு பொதுவாகத்தான் கேட்டார், மாசா மாசம் சரியா வருதா என்று. வல்லி தலையைக் குனிந்துகொண்டாள். பொம்பிளைப் பிள்ளை ஆம்பிளை டாக்டரிடம் எப்படிச் சொல்லும்? அவளுக்குச் சங்கடம் வேண்டாம் என்று நானே முந்திக்கொண்டேன். கரெக்டா வருது சார், மாசம் பதினேழாம் தேதி, வேணும்னா ஒவ்வொரு மாசமும் சொல்றேன் என்றேன். டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த மாதிரி ஒரு அப்பாவா என்று சிரித்தார். தைராய்டு எடுக்கச் சொன்னார், அதில் ஒன்றும் இல்லை. முகத்துக்கு ஒரு களிம்பு எழுதினார். வெளியே வரும்போது வல்லி என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் பாசம் என்று நினைத்தேன்.

மார்ச்சில் ஒன்பதாம் தேதியே டொக் என்றது. பதினேழு இல்லை, ஒன்பது. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பத்து, பதினொன்று. பன்னிரண்டாம் தேதி கையில் வர வேண்டும், திண்டில் வருகிறது. பதின்மூன்று, பதினான்கு. தினமும் திண்டு. அவள் முகம் வெளுத்துக்கொண்டே போகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். மதினியிடம் சொல்லலாம் என்றால் மதினி மகள் பிரசவத்துக்குத் தூத்துக்குடி போய்விட்டார்கள். யாரிடம் சொல்வேன்? நான் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு ராத்திரி முழுக்க ஒரு வாக்கியத்தைச் சேர்ப்பேன். தாயி, உடம்புக்கு என்ன செய்யுது. அவ்வளவுதானே? அதைப் பன்னிரண்டு மணி நேரம் சேர்ப்பேன். காலையில் வாசற்படியில் உட்கார்ந்ததும் டொக் என்று கேட்கும், உடனே வாய் சொல்லும், காப்பி நல்லாருக்கு தாயி. குடிக்கும் முன்னாலேயே சொல்லும்.

பத்தொன்பது நாள், தவசி. பத்தொன்பது நாளும் காப்பி நன்றாகத்தான் இருந்தது.

இருபதாவது நாள் படியில் உட்கார்ந்திருக்கிறேன். சத்தம் வரவில்லை. கையிலும் வரவில்லை. பால் தீய்ந்த வாடைதான் வந்தது. உள்ளே போனால் அடுப்புக்குப் பக்கத்தில் கிடக்கிறாள். டம்ளர் கைக்குப் பக்கத்தில் உருண்டு கிடக்கிறது. தரையெல்லாம்... வேண்டாம். காப்பியைக் குடியும்.

ஆட்டோவில் பெரியாஸ்பத்திரி. ரத்தம் ஆறுதான் இருக்கிறது, எப்படி நடமாடினாள் என்று நர்ஸம்மா என்னைத் திட்டினார்கள். இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். ஒன்றுக்கு நம் மில்லில் இருந்து சின்னமாடன் வந்து கொடுத்தான், உமக்கு அது தெரியாது, யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் தண்ணீர் குடிக்க வைத்து, வயிறு முட்ட, ஸ்கேன் எடுத்தார்கள். அந்த வார்டில் ஆம்பிளைகளை உள்ளே விட மாட்டார்கள். டாக்டரம்மா என்னை மட்டும் கூப்பிட்டார்கள். வேறு ஆள் இல்லையே.

கட்டிலில் வல்லி. பக்கத்தில் நான். டாக்டரம்மா பேப்பரில் எழுதிக்கொண்டே, இதுக்கு முந்தி கடைசியா எப்ப வந்துச்சு என்று கேட்டார்கள். நான் ஆரம்பித்தேன். பிப்ரவரி பதினேழு, ஜனவரி பதினேழு, டிசம்பர் பதினேழு என்று. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பிறகு என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்கள்.

வல்லி மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “எட்டு மாசமா வரல மேடம். அப்பா சொல்றது டம்ளர் வச்ச தேதி.”

“என்ன டம்ளர்?”



என்னை ஏமாற்றியிருக்கிறாள், தவசி. அதைத்தான் நான் உம்மிடம் சொல்ல வந்தது. காலண்டரில் பதினேழைப் பார்த்து, எழுந்து, ஒன்றும் இல்லாத உடம்போடு, டம்ளரைத் திண்டில் வைத்திருக்கிறாள். மூன்று நாள் தனியாகப் பாயைப் போட்டுப் படுத்திருக்கிறாள். நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறாள், குளிர்காலத்தில்கூட. மாசா மாசம். எதற்கு? நான் என்ன கேட்டேன் அவளை? வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டேனா?

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்கள். சினைப்பையில் மாசத்துக்கு ஒரு முட்டை முதிர்ந்து வெளியே வர வேண்டுமாம். இவளுக்கு அது பாதியில் நின்றுபோய்ச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளமாகத் தங்கிவிடுகிறதாம். ஸ்கேனில் மணி கோத்த மாதிரி தெரிகிறது, காட்டினார்கள். உடம்பில் ஊறுகிற சில நீர் கூடக்குறைய ஆவதால் வருவது. எடையும் பருவும் தாடையில் முடியும் எல்லாம் அதோடு சேர்ந்தவை. ஒரு குத்தமும் செய்து வருவதில்லை, பத்துப் பெண்ணில் ஒருத்திக்கு இருக்கிறது என்றார்கள். சீட்டில் நாலு இங்கிலீஷ் எழுத்து எழுதினார்கள், பி.சி.ஓ.எஸ். நான் பிறகு அதைப் போனில் தேடி, தமிழில் இருந்ததை எல்லாம் படித்தேன். தாடையில் முடி என்று படித்த இடத்தில் போனை வைத்துவிட்டுப் பரணில் ஏறி ரேசரை எடுத்துக் குளிக்கிற இடத்தில் பழையபடி வைத்தேன். அவள் அதற்குள் நூல் போட்டு எடுக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். ரேசர் அங்கேயே துருப்பிடித்தது.

கல்யாணம் ஆகுமா, பிள்ளை பிறக்குமா என்று கேட்டேன். கட்டுக்குள் வைத்தால் எல்லாம் ஆகும், அதற்கும் வைத்தியம் இருக்கிறது, முதலில் ரத்தம் ஏறட்டும் என்றார்கள். “நாள் தள்ளிப்போன அன்னைக்கே யாராவது கேட்டிருந்தா இவ்வளவு போயிருக்காது” என்றார்கள். யாராவது என்றுதான் சொன்னார்கள். என்னைச் சொல்லவில்லை.

மாத்திரை, நடை, மைதா இனிப்பு கூடாது. கடைசியில், ராத்திரி நல்லாத் தூங்குவியா என்று அவளைக் கேட்டார்கள். நான் சொல்ல வாயெடுத்தேன், நன்றாகத் தூங்குவாள் மேடம், அதற்குத்தானே நான் கட்டிலையே... அவள் சொன்னாள், இல்லை என்று. ஒரு தடவை ராத்திரி யாரோ கதவைத் தள்ளிப் பார்த்தார்களாம். பத்தாவது படிக்கும்போது. அதிலிருந்து அப்பா வருகிற வரைக்கும் கண்ணை மூடினாலும் காது தெருவில்தான் இருக்குமாம். விடிகிற நேரத்தில் கொஞ்சம் தூங்குவாளாம். அந்தக் கட்டிலில் காலையில் நான் படுக்கும்போது சூடே இருக்காது. இவள் சீக்கிரம் எழுந்துவிடுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

யார் தள்ளியது என்று நான் இன்னும் கேட்கவில்லை.

இனி நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். நீர் மில்லில் போய்ச் சொல்ல மாட்டீர் என்று தெரியும். எழுதிக்கொடுத்ததில் ஒரு மாத்திரை ஆஸ்பத்திரியில் அப்போது இல்லை, வெளியே வாங்கச் சொன்னார்கள். இருபத்தொரு நாள் போட வேண்டும், ஏழு நாள் விட வேண்டும், அந்த ஏழு நாளுக்குள் ஒழுங்காக வந்துவிடும். மருந்துக்கடையில் சீட்டை நீட்டினேன். அந்தப் பையன் அட்டையை எடுத்து வைத்துவிட்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, “இது பிள்ளை தங்காம இருக்கப் போடுறது அண்ணாச்சி. வீட்ல யாருக்கு?” என்றான். பின்னால் மூன்று பேர். ஒருத்தன் நம் லைன் வீட்டுக்காரன். நான் என்ன சொல்ல? என் வீட்டில் யார் இருக்கிறாள், எனக்குச் சம்சாரம் இருக்கிறாளா? தப்பாக எழுதிவிட்டார்கள் போல என்று சொல்லி, அட்டையைத் தள்ளிவிட்டு, சர்க்கரை மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதுவும் இந்தக் கோளாறுக்குக் கொடுப்பதுதான்.

வல்லியிடம் ஸ்டாக் இல்லை என்றேன். அடுத்த மாசமும் ஸ்டாக் இல்லை என்றேன். லாரி வரவில்லை என்றுகூடச் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, கடைக்குப் போகிற மாதிரி சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருவேன்.

இரண்டு மாசம் கழித்துப் போனபோது டாக்டரம்மா கேட்டார்கள், வந்துச்சா என்று. வரவில்லை. மாத்திரை? ஸ்டாக் இல்லையாம் என்றாள். எல்லாக் கடையிலும் கிடைக்கிற மாத்திரை ஆச்சே என்று டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்கள். நான் செருப்பைப் பார்த்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில். பாதி வழியில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, கோபம் ஒன்றும் இல்லாமல் சொன்னாள்.

“நீங்களும் டம்ளர் வச்சிருக்கீங்கப்பா.”

இறங்கியதும் அவளே கடைக்குப் போனாள். துப்பட்டா தாடையில் இல்லை. அந்தப் பையன் அவளிடமும் யாருக்கு என்று கேட்டான். எனக்கு என்றாள். நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது பரவாயில்லை. ஆறு கிலோ குறைந்திருக்கிறாள். தினமும் சாயங்காலம் ரயில்வே மைதானத்தைச் சுற்றி நடக்கிறாள், இப்போதும் அங்கேதான் போயிருக்கிறாள். ஒழுங்காக வருகிறது. அதோ ஆணியில் தொங்குகிறதே மாத்திரை அட்டை, பாரும். காலையில் வந்ததும் அவள் கண்ணில் படாமல் ஓட்டையை எண்ணிக்கொள்வேன். இருபத்தொன்று ஆனதும் அட்டை ஆணியில் இருக்காது. ஏழு நாள் கழித்துப் புது அட்டை வந்துவிடும். பார்த்தீரா, ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. எல்லாம் தானாகத் தெரிந்துவிடுகிறது.

தூக்கம் மட்டும்தான் வரவில்லை அவளுக்கு. அதற்கு மாத்திரை கொடுக்க மாட்டேன், உங்கப்பாவைப் பகலுக்கு மாறச் சொல்லு என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். நான் போய்க் கேட்டேன். ஆபீசில் என் பழைய மனுவைத் தேடி எடுத்து மேஜையில் போட்டார்கள். ‘நிரந்தர’ என்பதற்குக் கீழே பேனாவால் கோடு இழுத்துக் காட்டினார்கள். நீரே எழுதிக்கொடுத்தது அண்ணாச்சி, அழகான கையெழுத்து என்றார்கள். எவனாவது உம் இடத்துக்கு வந்தால் பார்க்கலாம். எவன் வருவான்? ஏழு மாசமாக யாரும் வரவில்லை. நேற்றுத்தான் நீர் வந்தீர்.

அதனால் உம்மை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நன்றாகக் கேட்டுக்கொள்ளும். உம்ம சம்சாரம் வீட்டில் இருக்கிறாள், கதவைத் தள்ளினால் சத்தம் போட ஆள் இருக்கிறது. உமக்கு வேற, எனக்கு வேற. சும்மா கையெழுத்துப் போடுகிற ஆளுக்கு விஷயம் தெரிந்திருக்கட்டும் என்றுதான். நாளைக்கு அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நீர் நினைக்கக் கூடாது. இந்தாரும் பேனா.

என்ன, வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறீர்.

என்ன கேட்டீர்? திரும்பச் சொல்லும், இந்தக் காது மெஷின் காது.

“பிள்ளைகிட்ட என்னன்னு கேக்கிறது அண்ணாச்சி? எப்படி ஆரம்பிக்கிறது?”

அது எனக்குத் தெரியாதே, தவசி. நான் கேட்டதில்லையே.

பேப்பரை மடிக்கிறீர். சரி. நாலாக மடிக்காதீர், கோடு விழுந்துவிடும், மாஸ்டர் வாங்க மாட்டார். இல்லை, மடித்துக்கொள்ளும். பையில் வைத்துக்கொள்ளும். யோசித்துச் சொல்லும், ஒன்றும் அவசரம் இல்லை. எட்டு வருஷம் போனது, இன்னும் கொஞ்ச நாள். படியைப் பார்த்து இறங்கும், அந்தக் கல் ஆடும். உம்ம பிள்ளை பேர் என்ன சொன்னீர்? நல்ல பேர்.

டம்ளரை இப்படிக் கையில் கொடும். திண்டில் வைக்க வேண்டாம். மணி ஆறாகப் போகிறது. வல்லி நடந்து வருவதற்குள் இதைக் கழுவிவிட்டு, தூக்குச்சட்டியைத் தேய்த்து, ராத்திரிக்குச் சோறு எடுத்து வைக்க வேண்டும்.